பூச்சியத்துக்குப் பின்னால்

"டீச்சர், ஒரு பிள்ளை எந்திரிக்க மாட்டேங்குது."

எப்சிபா டீச்சர் கிழிந்த பந்து ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எந்தப் பிள்ளை, சார்?"

"ஆறாம் வகுப்பு பவளக்கொடி. சுவரோரமா உட்கார்ந்தவ உட்கார்ந்தபடியே இருக்கா."

"உடம்புக்கு ஏதும்?"

"ஒண்ணுமில்லை. சோறு சாப்பிடுறா. நோட்டுல கணக்கு கொடுத்தா போட்டுடுறா. ஆட்டத்துக்கு மட்டும் வரமாட்டா. கேட்டா, 'நான் அவுட்டு, சார்'ங்கிறா."

"எப்போ அவுட்டானா?"

"போன செவ்வாய்க்கிழமை."

டீச்சர் ஊசியைப் பந்தில் குத்தி வைத்தார். எழுந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் நடந்தார். சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து பந்தை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி சார் காத்திருந்தார்.

"அப்புறம், டீச்சர்?"

"அவ்வளவுதான், சார்."

காற்றுக்காகத் திறந்துவிட்டிருப்பார் என்று சார் நினைத்துக்கொண்டார். வகுப்புக்குப் போனதும் கதவைச் சாத்தினார்.

மாசிலாமணி சார் டீச்சரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் மாணவர்.

பெரிய ஊரில், பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கரும்பலகையில் அவர் கோடு இழுத்தால் அளவுகோல் தேவைப்படாது. கூட்டல் பிசகியது கிடையாது. ஆனால் அவர் வகுப்பில் பிள்ளைகள் தூங்கினார்கள். அடித்தும் பார்த்தார், கதை சொல்லியும் பார்த்தார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிக்கொண்டார்கள்.

கடலோரத்தில், உப்பளங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தாவித் தாவிப் படிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

"எனக்குக் கத்துக்கொடுங்க, டீச்சர்."

"பார்த்துக்கிட்டே இருங்க, சார்" என்றார் டீச்சர்.

முதல் நாள் அவர் பார்த்தது ஒரு வகுத்தல் ஆட்டம்.

டீச்சர் ஐந்து தடவை கை தட்டினார். முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் எந்தக் கூட்டத்திலும் சேராமல் நின்றார்கள்.

"மீதி மூணு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

அந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டே டீச்சர் பக்கத்துக்கு ஓடி வந்தார்கள். அடுத்த எண்ணை அவர்கள்தான் தட்டினார்கள்.

சாருக்கு அது பிடிபடவில்லை.

"தோத்துப்போனவங்க கையில ஆட்டத்தைக் கொடுக்கிறீங்களே, டீச்சர்?"

"யாரு தோத்தா?"

"அந்த மூணு பேரு."

"அவங்க மீதி, சார்."

"மீதின்னா வெளியே நிக்கணும் இல்லையா?"

டீச்சர் மணியின் பக்கம் திரும்பினார்.

"மீதியை எழுதாம விட்டா கணக்குக்கு மார்க் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் அப்படித்தான், சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மணி அடிக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் சார் பார்த்துக்கொண்டே இருந்தார். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் டீச்சர் சொன்னார்: "இனி நீங்க ஒரு ஆட்டம் கட்டுங்க, சார். வீட்டுக் கணக்கு வருதுல்ல, வரவு, செலவு, சேமிப்பு. அதுக்கு ஒண்ணு."

விடுமுறை முழுக்க அவர் வேறு எதுவும் செய்யவில்லை. அட்டை வெட்டினார், ஒட்டினார், எழுதினார், அழித்தார். பள்ளி திறந்தபோது ஆட்டம் தயாராக இருந்தது.

பன்னிரண்டு மாசம் என்று அதற்குப் பேர் வைத்தார்.

வகுப்பறைத் தரையில் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள். வாசற்படியில் பூச்சியம். அங்கிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் ஒன்று, இரண்டு என்று இருபது. ஒரு கோடு ஓராயிரம் ரூபாய். இருபதுக்கு மேல் போனால் அங்கேயே நின்று மிச்சத்தை மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். கோடுகள் அகலமானவை, ஒரே கோட்டில் பத்துப் பேர் நிற்கலாம்.

எல்லாரும் ஐந்தில் தொடங்க வேண்டும். சார் விசில் ஊதினால் ஒரு மாதம் பிறக்கும். சம்பளம் வந்தால் எட்டுக் கோடு முன்னால். அரிசி, எண்ணெய், காய்க்கு நாலு கோடு பின்னால். வாடகைக்கு இரண்டு. பிறகு ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சைக்கிள் பஞ்சர், அத்தை மகள் கல்யாணம், காய்ச்சல், எதுவும் வரும். சிலதில் ஒன்றும் இருக்காது.

பூச்சியத்தைத் தொட்டவர்கள் அவுட். கதவை ஒட்டிய சுவரோரத்தில் போய் உட்கார வேண்டும். பன்னிரண்டு மாதம் முடியும்போது நிற்பவர்களுக்கு ஜெயம்.

சீட்டுகள் காற்றில் பறக்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு கை உயர்ந்தது. பவளக்கொடி.

"சார், ஐப்பசியில சம்பளம் எப்படி வரும்?"

"ஏன் வராது?"

"மழையில உப்பு எங்க விளையும், சார்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அப்பாவும் அம்மாவும் அளத்தில் வேலை செய்பவர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அளம் தண்ணீருக்குள் கிடக்கும்.

மாசிலாமணி சார் நேர்மையான மனிதர். தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கும் சம்பளத்தை அடித்துவிட்டார்.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் வகுப்பே அமர்க்களப்பட்டது. தாவுவதும் பின்வாங்குவதும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதுமாக ஒருவரும் தூங்கவில்லை. சாருக்குக் கண் நிறைந்தது.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு மூன்று கோடு. சுவரோரம் நிரம்பத் தொடங்கியது.

கார்த்திகையில் இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒருவன் ஜெபராஜ். அவன் இருபதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"எப்படில நீ மட்டும் அங்கேயே நிக்க?" என்று கேட்டான் சுடலைமணி.

"நான் அரிசி வாங்கல."

"ஒரு மாசமுமா?"

"சித்திரையில இருந்தே வாங்கல. பின்னால தாவுனாத்தான தெரியும்."

"சார்! இவன் சோறு திங்காம ஜெயிக்கான், சார்! எப்பமோ செத்திருப்பான்!"

"பேயாத்தான் நிக்கான்" என்றாள் இன்னொருத்தி.

கோட்டில் நின்ற இன்னொரு ஆள் பவளக்கொடி. ஒரு கோடுகூட ஏமாற்றாமல் வந்தவள். கார்த்திகை வாடகையும் போய் இரண்டாம் கோட்டில், இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றாள். சீட்டு எடுத்தாள்.

காய்ச்சல். மூன்று.

அவள் சாரைப் பார்த்தாள்.

சார் இத்தனை வருடம் சொல்லி வந்ததைச் சொன்னார்.

"ரெண்டுல மூணு போகாதும்மா. அவுட்டு."

அவள் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

மறுநாள் ஆட்டம் தொடங்கும்போது எல்லாரும் ஐந்தில் வந்து நின்றார்கள். பவளக்கொடி சுவரோரத்திலேயே இருந்தாள்.

"இது புது ஆட்டம், பவளம். வா."

"நீங்க ஆடுங்க, சார். நாங்க அவுட்டு."

"நாங்கன்னா?"

"அப்பா, அம்மா, நான், தம்பி."

சாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா ஞாயித்துக்கிழம முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டாவ, சார். தீவாளிக்கு முன்னாலயே எல்லாம் தீந்துட்டு."

சொல்லும்போது அவள் அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலத்தான் சொன்னாள்.

அப்படியே நாலைந்து நாள் போன பிறகுதான் சார் டீச்சரிடம் போனதும், டீச்சர் கதவைத் திறந்ததும், சார் சாத்தியதும்.

சார் தனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் பார்த்தார்.

காய்ச்சல் சீட்டை எடுத்து அவள் எதிரிலேயே கிழித்தார்.

"பாரு, இனிமே இந்த ஆட்டத்துல காய்ச்சலே கிடையாது."

பவளக்கொடி கிழிந்த துண்டுகளைப் பார்த்தாள். உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"கிழிச்சா போயிருமா, சார்?"

அடுத்த நாள் வேறு வழி.

"உனக்கு நான் பத்து தர்றேன். பத்துல இருந்து தொடங்கு."

"திருப்பிக் கேப்பியளா, சார்?"

"கேக்க மாட்டேன்."

"அப்போ அது கணக்குல வராதுல்லா, சார்."

அவர் பாடம் எடுத்த விதத்தில் அவள் சொன்னதுதான் சரி.

வியாழக்கிழமை சுடலைமணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உனக்கு என்னடா?"

"எங்க வீட்லயும் வாங்கியாச்சு, சார். நேத்து ராத்திரி பேசிக்கிட்டாவ."

"அது வீடு, இது ஆட்டம்."

"நீங்கதான சார் சொன்னிய, இது வீட்டுக் கணக்குன்னு."

வெள்ளிக்கிழமை சுவரோரத்தில் ஏழு பேர் இருந்தார்கள். கோடுகளில் நின்ற மற்றவர்களும் சத்தமில்லாமல் தாவினார்கள். இருபதில் ஜெபராஜ் மட்டும் சுவரில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டான்.

சார் மதியம் டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை, டீச்சர்."

"கதவு திறந்திருக்கா, சார்?"

"சாத்தித்தான் வச்சிருக்கேன். சீட்டெல்லாம் பறக்குது."

டீச்சர் கையைப் பழந்துணி ஒன்றில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேராகப் போய்க் கதவை விரியத் திறந்தார்.

கடற்காற்று உள்ளே புகுந்தது. மேசை மேல் இருந்த சீட்டுகள் அத்தனையும் எழும்பின. கல்யாணமும் பஞ்சரும் செருப்பும் பள்ளிக்கூட நோட்டும் அறை முழுக்கப் பறந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு துரத்தினார்கள்.

சுவரோரத்தில் இருந்த ஆறு பேர்கூட எழுந்து ஓடினார்கள்.

பவளக்கொடி எழவில்லை. அவள் காலடியில் ஒரு சீட்டு வந்து ஒட்டிக்கொண்டது. காலைத் தூக்கி அதற்கு வழி விட்டாள். அது வெளியே போனது.

டீச்சர் அதைப் பார்த்தார். முட்டை உரிக்கப் போய்விட்டார்.

சார் சீட்டுகளைப் பொறுக்கி, எண்ணி, அடுக்கினார். ஒன்று குறைந்தது. கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை அவர் பெட்டியோடு வந்து நின்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"நான் ஊருக்குக் கிளம்புறேன், டீச்சர்."

"என்ன அவசரம், சார்?"

"என் வகுப்புல முன்னாடி பிள்ளைங்க தூங்கினாங்க. தூங்குற பிள்ளை மணி அடிச்சா எந்திரிச்சிடும். இந்தப் பிள்ளையை நான் உட்கார வச்சிட்டேன், டீச்சர். எழுப்பத் தெரியலை."

அவர் மழையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"போகலாம், சார். உங்க ஆட்டத்தை நீங்க ஆடியிருக்கீங்களா?"

"நானா? நான் விசில் ஊதுறவன்."

டீச்சர் கையை நீட்டினார்.

சார் புரியாமல் நின்றார். கை நீண்டபடியே இருந்தது. கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

வாத்தியார் ஐந்தாம் கோட்டில் வந்து நின்றதும் வகுப்பு கலகலத்தது.

"சார் ஆடப் போறாவளா?"

"சார், வேட்டிய மடிச்சுக் கட்டுங்க! தாவ முடியாது!"

"சார், ஒரு யோசன" என்றான் ஜெபராஜ். "அரிசி வாங்காதிய."

"வாய மூடுல, பேய்" என்றது ஒரு குரல்.

டீச்சர் விசில் ஊதினார். சித்திரை.

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டுக் கோடு தாவினார். பிள்ளைகள் எண்ணினார்கள். நாலு பின்னால், இரண்டு பின்னால். வைகாசி. ஆனி. முழங்கால் வலித்தது. கணக்கில் அவர் புலி. ஒரு சல்லிக்காசை வீணாக்கவில்லை. எடுத்த சீட்டும் எல்லாம் வெறும் சீட்டு. புரட்டாசி முடிவில் பதினேழில் நின்றார்.

ஐப்பசி. சம்பளம் இல்லை. அரிசி, வாடகை, தீபாவளி போக எட்டு.

கார்த்திகை. இரண்டு.

டீச்சர் சீட்டுக் கட்டை நீட்டினார். சார் ஒன்று எடுத்தார். தடித்திருந்தது. பின்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தது.

கிழித்துப் போட்ட காய்ச்சல்.

டீச்சர் முகத்தில் எதுவும் இல்லை.

"மூணு, சார்."

"அவுட்டு!" என்று வகுப்பு கத்தியது. "சார் அவுட்டு! சார் அவுட்டு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் போனார். ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு சிரித்தபோது அவர்களும் சிரித்தார்கள். கடைசியில், கதவை ஒட்டி, பவளக்கொடி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாவாடையை இழுத்து ஒடுக்கிக்கொண்டு, அவருக்கு இடம் விட்டாள்.

ஒரு சாண் இடம்.

"இங்கன உக்காருங்க, சார்" என்றாள் மெதுவாக. "கொஞ்ச நேரத்துல பழகிரும்."

மாசிலாமணி சார் உட்காரவில்லை.

அவர் அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பின்பு தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தார். இரண்டு தடவை ஒருவர் வந்து திறந்துவிட்டுப் போன கதவு. இரண்டு தடவையும் அவர் சாத்திய கதவு.

திரும்பிப் போய் இரண்டாம் கோட்டில் நின்றார்.

"சார், நீங்க அவுட்டு!"

ஒரு கோடு பின்னால் வந்தார். ஒன்று.

இன்னொன்று. வாசற்படி. முதுகு கதவில் முட்டியது.

கையைப் பின்னால் விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். கதவு திறந்தது. படிக்கு வெளியே, மழைக்குள், ஒரு எட்டு வைத்தார்.

பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார்கள்.

"சார், எங்க போறிய?"

"ரெண்டுல மூணு" என்றார் சார்.

டீச்சர் விசில் ஊதினார். மார்கழி.

"சம்பளம் இல்லை. அரிசி நாலு, வாடகை ரெண்டு."

சார் முற்றத்தில் ஆறு அடி பின்னால் போனார். ஈர மண்ணில் குதிகால் அழுந்திய இடமெல்லாம் குழி விழுந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. உள்ளே இருந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு பெருங்காற்று வந்தது. கதவு முனகிக்கொண்டு சாத்தத் தொடங்கியது.

"கதவு! சார் வெளியில இருக்காவ!"

யாரோ கத்தினார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒருத்திதான்.

பவளக்கொடி எழுந்தாள்.

கதவைத் தோளால் தள்ளி, முதுகைக் கொடுத்து நின்றாள். காற்று தள்ளியது. அவளும் தள்ளினாள். சடை அவிழ்ந்து முகத்தில் அடித்தது.

"ஏய், அவ எந்திச்சிட்டா!" என்றான் சுடலைமணி.

அவளுக்கு அது கேட்டதோ என்னவோ. மழைக்குள் நிற்கும் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், எத்தனையில நிக்கிய?"

"நீயே சொல்லு."

அவள் கண்ணால் குழிகளை எண்ணினாள்.

"ஏழு."

"ஏழுன்னா உள்ளேல்ல இருக்கணும்?"

"இது இந்தப் பக்கத்து ஏழு, சார்."

"வீடு திரும்ப எனக்கு வழி தெரியலையே, பவளம். அடுத்து தை. தையில சம்பளம் உண்டா?"

"முழுசா கிடையாது. பாத்தி சரி பண்ற வேலதான் இருக்கும். ஆறுன்னு வச்சுக்கங்க."

"ஆறும் சோத்துக்கும் வாடகைக்குமே போயிடுமே."

"ஆமா. தையில அங்கனயேதான் நிப்பிய. மாசியில முழுச் சம்பளம். அட்வான்ஸ ஒரேயடியா பிடிக்க மாட்டாவ, சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிடிப்பாவ. அப்பா அப்படித்தான் கழிப்பாவ."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

சொல்லிவிட்டு அவள் நின்றாள். தான் சொன்னதைத் தானே இன்னொரு தடவை கேட்பவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் கிடந்த செங்கல்லைக் காலால் தள்ளிக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். வாசற்படியைத் தாண்டி மழைக்குள் இறங்கினாள்.

ஒவ்வொரு குழியிலும் கால் வைத்து வந்தாள். சாரிடம் வந்து நிற்கவில்லை. அவரைத் தாண்டி இன்னும் இரண்டு அடி பின்னால் போனாள். இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றாள்.

"எங்க வீடு இங்கன இருக்கு, சார்."

"ஒன்பதா?"

"ஒன்பது."

அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். முற்றம் முடியும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதற்கு அப்பால் தண்ணீர் நிறைந்து கிடக்கும் அளங்கள்.

"சார், வேப்பமரம் எத்தனை?"

"தெரியலையேம்மா. அளக்கணும்."

அவ்வளவுதான். சுவரோரம் காலியானது. சுடலைமணி முதலில் குதித்தான். "எங்க வீடு பதினொண்ணு!" என்று கத்திக்கொண்டு ஓடினான். "நாங்க நாலு!" "ஏ, எங்களுக்கு வட்டியும் உண்டுல, தள்ளு, தள்ளு!" ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரித் தெளித்தபடி முற்றம் முழுக்கப் பிள்ளைகள்.

"வரிசையா நில்லுங்கல!" என்று அதட்டினாள் பவளக்கொடி. குச்சி ஒன்றைப் பொறுக்கி, ஈர மண்ணில் குறுக்குக் கோடுகளை இழுக்கத் தொடங்கினாள். வாசற்படியிலிருந்து தொடங்கி, வேப்பமரத்தைப் பார்த்து. கோடுகள் நேராக இருந்தன.

உள்ளே இருபதாம் கோட்டில் ஜெபராஜ் தனியாக நின்றான்.

"நானும் வரட்டா?"

"நீ முதல்ல போயிச் சோறு தின்னுட்டு வால!"

வாசற்படியில் நின்று டீச்சர் விசில் ஊதினார்.

"தை!"

மழைக்குள்ளே அத்தனை பேரும் தாவினார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாசிலாமணி சார் டீச்சரின் அறைக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டி காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

டீச்சர் பந்தைத் தைத்து முடித்திருந்தார். காற்று போகிறதா என்று காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க, சார்."

"முதல் நாளே வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அன்னைக்கே கதவைத் திறந்து வச்சிருப்பேனே. ஒரு வாரம் அந்தப் பிள்ளை..."

டீச்சர் பந்தைக் கீழே வைத்தார். எழுந்து போய், ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து வந்தார்.

"தலையைத் துவட்டுங்க, சார்."